பின் அச்சில் என்ன சத்தம்?

அவருடைய காரில் ஏறுகிறவர்களுக்குக் கனகராயன்குளத்தில் ஒரு சட்டம் இருந்தது. எங்கும் எழுதி ஒட்டாத சட்டம்தான், ஆனால் கிராமச் சங்கத்துச் சட்டங்களைவிட ஒழுங்காக நடந்தது. சத்தம் கேட்டாலும் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். கலியாணமாகி நான் அந்த ஊருக்குப் போன புதிதில், அரிசிப்பானை எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்பே இதைத்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

ஊரில் வாடகைக்கு ஓடிய கார் அது ஒன்றுதான். கறுப்பு நிறம். பின் கதவுகளில் ஒன்று வெளியிலிருந்து மட்டும் திறக்கும். அவர் நெட்டையான மனிதர். கூரையில் தலை இடிக்கும் என்பதால் கழுத்தை ஒரு பக்கம் சரித்தபடியே ஓட்டுவார். பார்க்கிறவர்களுக்கு எதையோ உற்றுக் கேட்கிறார் என்று தோன்றும். உண்மையும் அதுதான். கண்டி றோட்டில் ஏறிக் கொஞ்சத் தூரம் போனதும் கேள்வி வரும்.

"பின் அச்சிலை சத்தம் ஏதும் கேக்குதோ?"

"இல்லை அண்ணை. ஒண்டும் இல்லை."

"வடிவாக் கேட்டுப் பாருங்கோ."

"வடிவாத்தான் கேட்டனாங்கள். நீங்கள் விடுங்கோ."

ஓம் என்று சொன்னால் வந்தது வினை. காரை ஓரமாக நிறுத்துவார். டிக்கியிலிருந்து சாக்கை எடுத்து விரித்து, காலிரண்டும் மட்டும் வெளியே தெரியக் காரின் கீழே போய்விடுவார். ஏறியிருக்கிறவர்கள் கலியாணத்துக்குப் போகிறார்களா, செத்தவீட்டுக்குப் போகிறார்களா என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. நாங்கள் காட்டைப் பார்த்துக்கொண்டு நுளம்புக்கு அடித்துக்கொண்டு நிற்போம். ஊரில் அவருக்கு 'கேக்குதோ அண்ணை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். கோபிக்க மாட்டார்.

எங்கள் கலியாணத்தன்றும் அவருடைய காரில்தான் மாப்பிள்ளை வீட்டார் ஓமந்தைக்கு வந்தார்கள். அதாவது, வரவேண்டியிருந்தது. புளியங்குளம் தாண்டியதும் அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறார். என் மச்சாள், அதுதான் மாப்பிள்ளையின் அக்கா, சட்டம் தெரியாதவர், யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தவர். "ஓம், கிலுக் கிலுக் எண்டு கேக்குது" என்று சொல்லிவிட்டார். கூறைத் தட்டம் மடியில் இருக்க, பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை றோட்டோரம் நிற்க, சில்லு ஒன்று கழற்றப்பட்டது. கடைசியில் பார்த்தால் கூறைத் தட்டத்துக்குள் குங்குமச் சிமிழ் உருண்டிருக்கிறது. ஓமந்தையில் நான் உடுத்தி முடித்து அறைக்குள் தனியாக இருந்து, மாப்பிள்ளை மனம் மாறிவிட்டாரோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் முடியும் தறுவாயில் வந்து சேர்ந்தவரின் வேட்டியில் கறுத்த கிறீஸ் அடையாளம் இருந்தது. என் கணவர் அவரை அதற்குப் பிறகு மன்னிக்கவேயில்லை.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அதற்குக் காரணம் அவர் கேள்வி கேட்கும் முறை. ஆண்களிடம் கேட்டால் 'ஒரு மாதிரிச் சத்தம்' என்பார்கள், அதற்கு மேல் சொல்லத் தெரியாது. அதனால் பெண்கள் ஏறினால் அவருக்குச் சந்தோசம். "குசினியிலை கேக்கிற எந்தச் சத்தம் மாதிரி, பிள்ளை?" என்பார். அம்மி அரைக்கிற மாதிரி என்றால் சில்லுக்குள் இருக்கிற பேரிங். அதுவும் வளைவில் கூடினால் நிச்சயம். உலக்கை ஒருதரம் விழுகிற மாதிரி 'டொக்' என்று, கார் வெளிக்கிடும்போது மட்டும் கேட்டால், எஞ்சினிலிருந்து பின்னுக்கு வருகிற நீளத் தண்டின் மூட்டு. மிதிக்கும்போது ஊளையிட்டு விடும்போது அடங்கினால், பின் அச்சின் நடுவிலிருக்கிற பெட்டிக்குள் பல்லுச் சில்லு தேய்கிறது. விடும்போது ஊளையிட்டால் அதே சில்லின் மற்றப் பக்கம். எந்தச் சத்தமானாலும் வேகம் குறையக் குறைய அதுவும் இறங்க வேண்டும், கார் நிற்க அதுவும் நிற்க வேண்டும். இதையெல்லாம் அவர் எனக்குப் படிப்பிக்கவில்லை. கேட்டுக் கேட்டே ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பாடமாகிவிட்டது. குளத்தில் உடுப்புத் தோய்க்கும்போது நாங்கள் ஒருத்தியின் இருமலைக் கேட்டு, "உனக்குப் பேரிங் போயிட்டுது" என்று பகிடி பண்ணுவோம்.

ஒருநாள் நான் மட்டும் சந்தையிலிருந்து திரும்பி வந்தேன். மழை வரப் பார்த்தது. வீட்டில் மகள் பக்கத்து வீட்டாரோடு இருந்தாள். அவர் கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. "அம்மி மாதிரி, அண்ணை. வலப்பக்கம்" என்றேன். அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஏதோ சீட்டு விழுந்த மனிதரைப் போலச் சிரித்தார். நிறுத்தினார். பாலைத் தடி ஒன்று வைத்திருப்பார், முழ நீளம். அதன் ஒரு முனையை அச்சில் வைத்து மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு ஜாக்கியில் தூக்கிய சில்லைக் கையால் சுற்றினார்.

"காதாலை கேளுங்கோவன், ஏன் பல்லாலை?" என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னார். முன்பு காட்டுக்காய்ச்சல் அடித்த காலத்தில் அவர் மரலொறி ஓட்டிக்கொண்டிருந்தவராம். காய்ச்சல் விட்டு விட்டு வந்திருக்கிறது. வேலை கெட்டுவிடும் என்று கொயினா மருந்தை அள்ளி அள்ளிக் குடித்திருக்கிறார். காய்ச்சல் போய்விட்டது. காதுக்குள் ஓர் இரைச்சல் வந்து குந்திவிட்டது.

"கதைக்கிறது கேக்கும், பலத்துக் கதைச்சால். கீச்சுச் சத்தம் ஒண்டும் கேக்காது. ஆனா உள்ளுக்கை எந்த நேரமும் ஒரு ஊளை. பின் அச்சுப் பல்லு தேயிற ஊளை எப்பிடியோ, அப்பிடியே இருக்கும். வண்டியிலை இருக்கோ என்ரை தலைக்குள்ளை இருக்கோ எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை. அதுதான் கேக்கிறனான்."

"ஊராருக்குச் சொல்லுறதுதானே?"

"காது கேளாதவன்ரை காரிலை ஆர் ஏறுவினம்?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஊர் முழுக்க ஒரு மனிதனுக்கு வேண்டுமென்றே பொய் சொல்லிக்கொண்டிருந்தது, அவரோ அந்தப் பொய்களை வைத்துக்கொண்டு பாலங்களிலும் குழிகளிலும் எங்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். காரை விற்ற தரகன்கூட அவரை அப்படித்தான் ஏமாற்றியிருந்தான். பின் அச்சுப் பெட்டிக்குள் மரத்தூளை அடைத்துச் சத்தத்தை அமர்த்திக் கொடுத்திருந்தான். எண்ணெய் மாற்றியபோது சேறு மாதிரி மரத்தூள் வழிந்ததாம். அன்றிலிருந்து சத்தம் போடாத வண்டியைக் கண்டால்தான் அவருக்குப் பயம்.

ஒருமுறை வேளாண்மைக்காரர் சிலர் அவசரத்தில் 'ஒண்டும் இல்லை' என்று சொல்லிச் சொல்லியே, நீளத் தண்டின் மூட்டு முறிந்து நடுக்காட்டில் நின்றார்கள். எல்லோரும் நடந்துதான் வந்தார்கள். அவரும் கூட நடந்து வந்தார். "நான் கேட்டனான்தானே" என்று மட்டும் சொன்னாராம். அதைக் கேட்டு அவர்கள் ஊருக்குள் வந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் இதைத் தொடங்கினேன், இவ்வளவு நேரமும் வேறு கதை கதைத்துக்கொண்டிருக்கிறேன்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. சளி என்றுதான் நினைத்தோம். குடிநீர் அவித்துக் கொடுத்தோம். பிறகு கழுத்து வீங்கியது, எச்சில் விழுங்க மாட்டாமல் வாயால் வழிந்தது. மருந்துச்சாலையில் இருந்த அப்போதிக்கரி ஐயா கரண்டிக் காம்பால் நாக்கை அமத்தித் தொண்டைக்குள் பார்த்தார். உள்ளே வெள்ளையாகத் தோல் படர்ந்திருந்தது. அவர் முகம் மாறியது.

"தொண்டை அடைப்பான். வவுனியாவுக்குக் கொண்டு போங்கோ. இப்பவே. சேலை மாத்த நிக்கவேண்டாம்."

நான் உடுத்தது உடுத்தபடி பிள்ளையைப் போர்வையால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு காரின் பின் ஆசனத்தில் ஏறினேன். என் கணவர் முன்னால் இருந்தார். ஏறும்போதே அவர் திரும்பி என்னைப் பார்த்து, "சத்தம் கித்தம் எண்டு வாய் திறவாதை" என்றார். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் காருக்கு என்ன வந்தால் எனக்கென்ன? என் பிள்ளையின் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தோளில் கிடந்தபடி 'கர், கர்' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூச்சு நிற்காமல் இருந்தால் போதும், முறிகண்டிப் பிள்ளையாரே, அது நிற்காமல் இருந்தால் போதும் என்று அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவரும் அன்று கேட்காமல்தான் ஓட்டினார். புளியங்குளம் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு காடு. மத்தியான வெயில். முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. கைபிடி இல்லாத ஒரு பாலத்தைத் தாண்டும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"கேக்குதோ, பிள்ளை?"

"ஒண்டும் இல்லை. ஓடுங்கோ" என்று என் கணவர் கத்தினார்.

ஆனால் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரமாகவே கேட்டுக்கொண்டிருந்தது. மெல்லிய ஊளை. நான் இருந்த ஆசனத்துக்குக் கீழேதான் பின் அச்சு, அங்கிருந்துதான் வருவதாகப் பட்டது. வேறோர் ஊர்ப் பெண் என்றால் அதைக் கவனித்திருக்கவே மாட்டாள். நாங்கள் அவருடைய காரில் பழகியவர்கள், எந்த ஊளையைக் கேட்டாலும் எங்களுக்குப் பின் அச்சுத்தான் ஞாபகம் வரும். சொன்னால் நிறுத்துவார். நிறுத்தினால் என் பிள்ளைக்கு நேரம் போய்விடும். சொல்லாமல் விட்டு, பல்லுச் சில்லு உடைந்து இந்தக் காட்டில் நின்றால்? பின்னேரம் பஸ் வரும்வரை யார் வருவார்கள்? எதைச் செய்தாலும் பிள்ளை போய்விடும் என்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுகையோடேயே சொன்னேன்.

"கேக்குது அண்ணை."

"உனக்கென்ன விசரே?" என் கணவர் ஆசனத்தில் திரும்பிக் கையை ஓங்கிவிட்டார்.

அவர் நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டே கேட்டார். "மிதிக்கேக்கையோ, விடேக்கையோ?"

"விடேக்கை. மிதிச்சால் கேக்கேல்லை."

கியரை எடுத்துவிட்டுக் காரைச் சும்மா உருள விட்டார். "இப்ப?"

"கேக்குது."

"குசினியிலை எது மாதிரி?"

"கேத்தில் கொதிக்கிற மாதிரி. ஆவி வாற மாதிரி."

"கேத்திலோ?" முன் கண்ணாடிக்குள் அவருடைய புருவம் சுருங்கியது. "வேகம் குறையச் சத்தமும் இறங்குதோ?"

"இல்லை. ஒரே மாதிரி. விட்டு விட்டுக் கேக்குது."

"விட்டு விட்டோ?"

கார் உருண்டு உருண்டு ஒரு வீரை மரத்தடியில் போய் நின்றது. எஞ்சினையும் நிறுத்தினார். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துத் தடியைக் கையில் எடுத்தார். என் கணவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். காடு அப்படியே அடங்கிக் கிடந்தது. ஒரு குருவிகூட இல்லை.

"அண்ணை," என்றேன், "இன்னும் கேக்குது."

அவர் வெளியே இறங்காமல் அப்படியே இருந்தார்.

"வண்டி நிக்குது, பிள்ளை."

"நிக்குது. ஆனாக் கேக்குது."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இப்போதும் சொல்ல முடியாது. வண்டி நின்ற பிறகும் நிற்காத சத்தம் ஒன்று உண்டு என்பது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? தடியைப் போட்டுவிட்டு இறங்கினார். பின் கதவைத் திறந்து என் தோளிலிருந்த போர்வையை இழுத்து எறிந்தார். பிள்ளையின் உதடு நீலம். கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. 'கர், கர்' என்ற பழைய மூச்சு எப்போது நின்றது, இந்த ஊளை எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அது கேட்கவும் இல்லை. உள்ளங்கையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்துப் பார்த்தார்.

"இது என்ரை காரில்லை, பிள்ளை. உன்ரை பிள்ளை."

தோளில் கவிழ்த்துப் போட்டிருந்தவளை நிமிர்த்தி என் மடியில் இருத்தினார். தலை முன்னுக்கு விழாமல் என் கையை எடுத்து அவள் நெற்றியில் வைத்தார். கண்ணாடிகளை இறக்கிவிட்டார். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் நடந்தது. நிமிர்ந்ததும் அவளுக்கு மூச்சு கொஞ்சம் இலேசாக உள்ளே போனது. அந்தக் கொஞ்சம்தான் எங்களுக்கு மிச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஓட்டியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. குழி பார்க்கவில்லை, பாலம் பார்க்கவில்லை. ஓமந்தையில் என் தாய் வீட்டுப் படலையைத் தாண்டினோம், நான் திரும்பியும் பார்க்கவில்லை. அங்கே ஒரு பெரிய குழிக்குள் விழுந்து எழும்பியதும் உண்மையான சத்தம் தொடங்கியது. அதைச் சொல்ல எந்தக் குசினிச் சாமானும் போதாது. இரும்பை இரும்பு அடித்தது. ஆசனம் அதிர்ந்தது. என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. ஓட்டுகிறவருக்குக் காதால் கேட்டிராது. ஆனால் மிதித்திருந்த காலுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஆழமாக மிதித்தார்.

வவுனியா ஆஸ்பத்திரி மதில் தெரிந்தபோது பின் அச்சு முறிந்தது. கார் ஒரு பக்கம் சரிந்து றோட்டை உழுதுகொண்டு நின்றது. என் கணவர் பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். எதற்கும் அழாத அந்த மனிதர் ஓடும்போது வாய்விட்டு அழுதுகொண்டு ஓடினார்.

அந்தக் காரை அவர் பிறகு ஓட்டவில்லை. ஒரு அச்சுக்காகவா என்று கேட்பீர்கள். அச்சு மட்டுமா போனது? பெட்டி வெடித்து, நீளத் தண்டு வளைந்து, காரின் அடிச்சட்டமும் கோணிவிட்டது. பழைய இரும்புக்குத்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் குளக்கட்டு வேலைக்குப் போனார், பிறகு குடும்பத்தோடு திருகோணமலைப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அது பின்னால் நடந்தது.

அன்று டொக்டர் பிள்ளையை வாங்கி மேசையில் கிடத்தி, எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஊசி. தப்புவாளா என்று கேட்டதற்கு, விடியட்டும் என்றார்கள். குழாய் வைத்த பிள்ளைக்கு அழச் சத்தம் வராது. வாயைத் திறந்து அழுகிறாள், ஒரு சத்தமும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

விடிந்தது. தாதி வந்து பார்த்துவிட்டு, "இனிப் பயமில்லை" என்றாள். முகம் கழுவச் சொன்னாள். நான் முகம் கழுவவில்லை. நேரே வெளியே போனேன். காரைச் சிலர் தள்ளி மதிலோரம் விட்டிருந்தார்கள். அதன் படியில் அவர் இருந்தார். பஸ்ஸில் ஊருக்குப் போகச் சொன்னார்களாம், போகவில்லை. என்னைக் கண்டதும் எழும்பினார். என் முகத்தைப் பார்த்து எதையும் அறிய அவருக்குத் துணிவிருக்கவில்லை, நிலத்தைத்தான் பார்த்தார்.

"அண்ணை, பிள்ளை தப்பியிட்டாள்" என்றேன்.

"என்ன?" என்று காதை என் பக்கம் திருப்பினார்.

"பிள்ளை தப்பியிட்டாள் அண்ணை!" நான் கத்தினேன். றோட்டில் சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பிள்ளை? விளங்கேல்லை."

இன்னும் கிட்டப் போனேன். அப்போதுதான் கண்டேன். கண்ணீர் தாடையையெல்லாம் நனைத்துக் கழுத்தால் வழிந்துகொண்டிருந்தது. முதல்தரம் சொன்னபோதே அவருக்குக் கேட்டுவிட்டது. எனக்கு அது விளங்கியது. மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி மூன்றாம்தரமும் சொன்னேன்.